ஜன்னத்தின் கொறங்காடு

என் தங்கை ஜன்னத்தின் நிலம் எட்டு ஏக்கர் முப்பத்துநாலு சென்ட். அதில் நூற்றுப் பதினேழு வெள்வேல மரங்கள் நிற்கின்றன. முதல் தடவை எண்ணியபோது எனக்கு நூற்றுப் பதினாறுதான் வந்தது. கிணற்றடியில் ஒன்றை விட்டுவிட்டேன் என்று அவள்தான் சொன்னாள்.

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் பஸ்ஸில் ஏறி, ஊதியூர் மலை கண்ணில் படும் இடத்தில் இறங்கி, கிழக்கே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் அந்த நிலம் வரும். அந்தப் பக்கத்து மானாவாரி மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பேர். சுற்றிலும் கிளுவைக் குச்சிகளை நெருக்கி நட்டு உயிர்வேலி வளர்த்திருப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும், அங்கங்கே வெள்வேல மரமும் இருக்கும். ஆட்டையோ மாட்டையோ உள்ளே விட்டு, வாசலில் முள் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். வேலிதான் மேய்ப்பவன்.

எங்கள் அத்தா கோயமுத்தூர் கோட்டைமேட்டில் தோல் வியாபாரம் செய்தார். காங்கயம், வெள்ளகோவில் சந்தைகளுக்கு வாரம் ஒரு நடை போய்த் தோல் வாங்கி வருவார். அப்படிப் போன இடத்தில் 1961-ல் இந்த நிலத்தை வாங்கினார். தங்கிப் போக ஒரு ஓட்டு வீடும் கட்டினார். மற்றபடி வருஷத்துக்கு ஒரு தொகை பேசி யாருக்காவது மேய்ச்சலுக்கு விட்டுவிடுவார். கடைசியாக வந்த குத்தகை மூவாயிரம் ரூபாய்.

1994 பிப்ரவரியில் அத்தா மௌத்தானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. மார்க்க முறைப்படி நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு எனக்கும் ஜன்னத்துக்கும் வந்தது. மீதி ஒரு பங்கு அத்தாவின் தம்பி பீர் முகம்மது சின்னத்தாவுக்கு.

அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் சின்னத்தா என் வீட்டுக்கு வந்தார். ஜன்னத்தும் அவள் வீட்டுக்காரர் நிஜாமும் இருந்தார்கள்.

“பல்லடத்துப் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருக்கற ராசப்பன்னு ஒருத்தர் கேக்கறாரு. பதினஞ்சு வருசக் குத்தகை. வருசத்துக்குப் பன்னெண்டாயிரம். ஆளுக்கு நாலாயிரம் வரும். வேலியப் புடுங்கி, மரத்த வெட்டி, செட்டெல்லாம் அவரே போட்டுக்குவாரு. நாம கையெழுத்துப் போட்டாப் போதும்” என்றார்.

எனக்குச் சரி என்று பட்டது. ஜன்னத்துக்குப் படவில்லை. அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. கோட்டைமேட்டில் பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருந்தாள். நிஜாம் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தார். இல்மா என்று ஐந்து வயது மகள். மூன்று வருஷத்தில் நான்கு வீடு மாறியிருந்தார்கள்.

“நான் அங்க போய் இருந்துக்கறேன் சின்னத்தா” என்றாள்.

“எங்க?”

“காட்டுக்கு.”

“அங்க என்னம்மா இருக்கு? முள்ளும் ஓணானும்தான்.”

“ஊடு இருக்குதில்ல. அந்தப் பன்னெண்டாயிரத்த நானே குடுத்தர்றேன்.”

சின்னத்தா சிரித்துவிட்டார். “ஏம்மா ஜன்னத்து, உங்கத்தா முப்பத்துமூணு வருசம் அத வெச்சிருந்தாரு. மூவாயிரத்துக்கு மேல ஒரு பைசா பேந்ததில்ல. நீ என்ன, முள்ளப் புழிஞ்சு எண்ணெய் எடுக்கப் போறியா?”

“ஒரு வருசம் விடுங்க. அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குள்ள அந்த மண்ணு பன்னெண்டாயிரம் சம்பாரிக்கலீன்னா, நீங்க சொல்ற எடத்துல கையெழுத்துப் போடறேன்.”

“காட்டு வருமானமா இருக்கணும். உன் ஊட்டுக்காரன் சம்பளத்தச் சேத்துக் காட்டக் கூடாது.”

“காட்டு வருமானம்தான்.”

சின்னத்தா ஒப்புக்கொண்டார். நிலம் போனால் அவளுக்கு அந்த ஓட்டு வீடும் போகும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அக்காவான நான் அன்று அவள் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பங்கு நாலாயிரம் எனக்கும் வேண்டியிருந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் இது சரியாக இருக்காது.

ஜூன் மாதம் ஒரு மெட்டடோர் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். நிஜாமுக்குக் காங்கயத்தில் ஒரு எண்ணெய் ஆலையில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. தினமும் சைக்கிளில் பதினோரு கிலோமீட்டர் போய் வருவார். இல்மாவை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

வடக்கு வேலியை ஒட்டிய கொறங்காடு பாலுசாமி என்பவருடையது. ஐம்பது வயதுக்காரர். பரம்பரையாக ஆடு மாடு வைத்திருக்கும் குடும்பம். அவரிடம் ஒரு டி.வி.எஸ். ஐம்பது வண்டியும், எல்லாவற்றுக்கும் ஒரு கருத்தும் இருந்தன. ஆடி மாதம் ஜன்னத் பழைய வேலியிலிருந்து கிளுவைக் குச்சிகளை வெட்டி, நிலத்தின் நடுவே ஒரு சாணுக்கு ஒன்றாக நட ஆரம்பித்தபோது அவர் படலோரம் வந்து நின்றார்.

“ஏனுங்க அம்மணி, இருக்கற வேலி பத்தாதுன்னு உள்ளுக்குள்ள எதுக்குங்க இன்னொரு வேலி? அண்ணந்தம்பி பாகம் பிரிச்சாத்தான் இப்படிப் போடுவாங்க.”

“நானும் பாகந்தானுங்கண்ணா பிரிக்கறேன். மழைக்காலத்து ஜன்னத்துக்கு ஒண்ணு, வெயில்காலத்து ஜன்னத்துக்கு ரெண்டு.”

அவள் கணக்கு இதுதான். அந்தப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் முளைத்ததும் எல்லோரும் படலைத் திறந்து காடு முழுவதும் மேய விடுவார்கள். தை கடைசியில் புல் தரையோடு தரையாகிவிடும். மாசியிலிருந்து சோளத்தட்டு விலைக்கு வாங்கிப் போட வேண்டும், அல்லது உருப்படிகளை விற்க வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளோ அந்த வருஷங்களில் மே மாதத்தில் வந்தது. எல்லா ஆடுகளும் எலும்பும் தோலுமாக இருக்கும் நேரம். அப்போது பெருநாளுக்கு அறுத்துப் பங்கிடும் குர்பானிக்காகக் கொழுத்த கிடாய்க்குக் கோயமுத்தூரில் ஆயிரத்து இருநூறு வரை கொடுப்பார்கள். அதனால் மூன்று ஏக்கரில் மட்டும் முதலில் மேய்ப்பது, மீதி ஐந்து ஏக்கரைப் பூட்டி வைத்துப் புல்லை நின்றபடியே காய விடுவது. வெயில் காலத்தில் அந்தப் புல்லும், வெள்வேல மரத்திலிருந்து விழும் காய்களும் ஆடுகளுக்கு.

புது வேலி ஒரே வருஷத்தில் இறுகாது. அதனால் குச்சிகளுக்கு நடுவே முள்ளை வெட்டி அடைத்தாள். முள் அடைத்த நீளம் முந்நூற்று எண்பது கஜம். நான் போயிருந்தபோது அவளுடைய இரண்டு கையும் முழங்கை வரை கோடு கோடாக இருந்தன.

சீட்டு எடுத்த பணத்தில் கார்த்திகை மாதம் குண்டடம் சந்தையில் முப்பது கிடாய்க்குட்டிகள் வாங்கினாள். குட்டி முந்நூறு ரூபாய். எல்லாம் ஆறு மாதக் குட்டிகள், பெருநாளுக்குள் ஒரு வயது நிரம்பிவிடும். பாலுசாமி துணைக்குப் போயிருந்தார். ஜன்னத் ஒவ்வொரு குட்டியின் காதையும் தடவிப் பார்த்தாள். பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் காதைப் பார்த்தாள். எண்பது, தொண்ணூறு குட்டிகளை ஒதுக்கி முப்பது எடுக்க மூன்று மணி நேரம் ஆனது.

பாலுசாமி அதை ஊருக்குள் புகழ்ந்து சொன்னாராம். “டவுன் பொண்ணுன்னு நெனச்சேன். உண்ணி இருக்குதான்னு காதுக்குள்ள பாத்துத்தான் வாங்குது. நெம்ப வெவரம்.”

அவள் பார்த்தது உண்ணியை அல்ல. காது வெட்டுப்பட்ட ஆட்டைக் குர்பானிக்குக் கொடுக்க மாட்டோம். எங்கள் ஆட்களில் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். தெரியாதவர்களும் உலகத்தில் இருப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

மழை நன்றாகப் பெய்தது. பூட்டிய ஐந்து ஏக்கரில் புல் முழங்கால் உயரம் வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் குட்டிகள் நின்று அந்தப் புல்லைப் பார்த்துக் கத்தும். வழியில் போகிறவர்கள் கிண்டல் செய்தார்கள். “புல்லு உள்ள இருக்குது, ஆடு வெளிய நிக்குது. இதென்னங்க ரேஷன் கடையா?”

“ரேஷன்லதான் எடை கொறையும். என்றகிட்ட கொறையாதுங்க” என்பாளாம்.

1995 ஜனவரி கடைசியில், பிறைக் கணக்குப்படி, அத்தாவுக்கு வருஷம் ஓதும் ஃபாத்திஹா வந்தது. மூன்று நாள் தங்குவதற்காக மூவரும் கோயமுத்தூர் வந்தார்கள். குட்டிகளைப் பாலுசாமியிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஜன்னத் திரும்பிப் போன அன்று நடந்ததை அவள் சொல்லக் கேட்டு எழுதுகிறேன்.

பாலுசாமி படலருகே நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“அம்மணி, நீங்க போன அன்னிக்கே ஒரு வேலை நடந்துபோச்சுங்க. தெக்க இருந்து வந்த ஆட்டுப் பட்டி ஒண்ணு இப்படிக்கா போச்சு. உங்குளுது ரெண்டு குட்டி முள்ள நீக்கிட்டு அதோட சேந்துபோச்சு. வண்டிய எடுத்துட்டு ஆறு மைலு தொரத்தி, புடிச்சாந்துட்டேன். அந்த மேய்க்கறவன் என்னமோ இது அவனுதுன்னு சண்டைக்கு வாறான். அடையாளம் என்னன்னு கேக்கறான். நான் என்னத்தச் சொல்ல?”

“நெம்ப நன்றிங்கண்ணா.”

“இருங்க, சொல்லி முடிக்கல. இனி எவனும் அந்தக் கேள்வி கேக்க முடியாது. முப்பதுக்கும் காது வெட்டிப் போட்டேனுங்க. எடது காதுல பாதி. எங்கூட்டு அடையாளம். அந்த வெட்டு இருந்தா மூலனூரு வரைக்கும் எவனும் தொட மாட்டான்.”

அந்த ஊரில் இதைவிடப் பெரிய உதவி கிடையாது. தன் குடும்பத்து அடையாளத்தை ஒருவர் இன்னொருவர் ஆட்டுக்குப் போடுகிறார் என்றால், இது என் வீட்டு ஆடு மாதிரி என்று சொல்கிறார். ஜன்னத்துக்கு அதுவும் புரிந்தது. முப்பது குட்டிகளும் மஞ்சள் பூசிய பாதிக் காதோடு அவளைப் பார்த்து நின்றன. அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னங்க அம்மணி, தலை சுத்துதுங்களா? பஸ்ல வந்த களைப்பு.”

நிஜாம்தான் அவரைத் தனியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். பாலுசாமி அதன்பிறகு நான்கு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

சேதி கேட்டு நான் போனேன். சிங்காநல்லூரில் என் வீட்டுக்காரர் சைக்கிள் ஸ்டாண்டு குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். டோக்கன் எழுதுவது, நாள் வசூல் பார்ப்பதெல்லாம் நான்தான். அன்று ஸ்டாண்டை அவரிடம் விட்டுவிட்டு ஏழு மணி பஸ்ஸில் ஏறினேன். போகும் வழியெல்லாம் அவளுக்குச் சொல்ல வேண்டியதை யோசித்துக்கொண்டே போனேன். குட்டிகளைக் கறிக்கு விற்றுவிடு, குத்தகைக்குக் கையெழுத்துப் போடு, திரும்பி வா. அதைத்தான் சொன்னேன்.

“கறிக்கு வித்தர்லாம்” என்றாள். அதை மட்டும் ஒப்புக்கொண்டாள்.

நோன்பின் கடைசி வாரத்தில் குண்டடத்துக்கு ஓட்டிப் போய் விற்றாள். கறிக்குக் காது வேண்டாம். நோன்புப் பெருநாள் நெருங்கியதால் நல்ல விலை, உருப்படி ஐந்நூற்று இருபது. வாங்கிய விலையும் மருந்துச் செலவும் போக ஆறாயிரத்து நானூற்று எண்பது ரூபாய் மிச்சம். பன்னிரண்டாயிரத்துக்கு இன்னும் ஐந்தாயிரத்து ஐந்நூற்று இருபது வேண்டும். கையில் இருந்தது இரண்டு மாதமும், ஆடில்லாத ஒரு காடும்.

நோன்புப் பெருநாள் கழிந்து நான் மறுபடி போயிருந்த நேரத்தில் பாலுசாமி வந்தார். தலையைக் குனிந்தபடியே பேசினார்.

“அம்மணி, கேக்கறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல. ஆனா என்ற காட்டுல ஒரு புல்லு இல்லீங்க. சித்திரையில கண்ணபுரம் மாட்டுச் சந்தை. ஒரு மயிலைக் கெடாரியும் நாலு மாடும் விக்கறதுக்கு வெச்சிருக்கேன். வயிறு ஒட்டிக் கெடக்குது. இப்படியே ஓட்டிட்டுப் போனா பாதி வெலைதான் கேப்பான். உங்க பூட்டுன காட்டப் பாக்கறப்பெல்லாம் வயிறு எரியுதுங்க. மொத்தமா ஒரு ஆயிரத்து ஐந்நூறு தாரேன். சந்தை வரைக்கும் விட்டுக் குடுங்க.”

ஜன்னத் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, மச்சான் ஸ்டாண்டுல மாசக் கட்டணத்துல காசு சாஸ்தியா, நாள் டோக்கன்ல சாஸ்தியா?”

“நாள் டோக்கன்லதான். இதென்ன கேள்வி?” என்றேன்.

“அண்ணா, மொத்தமா யாருக்கும் விடறதில்லீங்க. மாட்டுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு ரூபா. புல்லு, காயி, தண்ணி எல்லாம் அதுல அடக்கம். மேய்க்க ஆள் வேண்டாம். கொண்டாந்து விட்டுட்டு உங்க வேலையப் பாக்கப் போலாம்.”

பாலுசாமிக்கு அது புதுசு. கொறங்காட்டை வருஷத்துக்கு விடுவார்கள், ஏக்கர் கணக்கில் விடுவார்கள். தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று அந்தப் பக்கத்தில் யாரும் விட்டதில்லை.

“மாட்டுக்கு லாட்ஜு போடறீங்களா அம்மணி?”

“ஆமாங்க. ரூம்ல சாப்பாடும் உண்டு.”

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்குச் சோளத்தட்டு வாங்கினால் அன்றைய விலைக்கு எட்டு ரூபாய் ஆகும். மறுநாள் காலை ஐந்து மாடுகளையும் ஓட்டி வந்தார். அன்று மார்ச் பதினாறு. அவர் மாட்டுக்குக் காசு வேண்டாம் என்று ஜன்னத் எவ்வளவோ சொன்னாள். அவர் கேட்கவில்லை. “காத வெட்டுனதுக்கே கணக்குத் தீரல. ஓசியில வேற மேயச் சொல்றீங்களா?” என்றார்.

எத்தனை மாடு விடலாம் என்பதை நானும் அவளும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். ஒரு மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு புல் தின்னும் என்பதை அவள் அறுத்து, கட்டி, தராசில் தொங்கவிட்டுப் பார்த்தாள். சந்தை வரைக்கும் தாங்க வேண்டுமானால் இருபது மாடுதான். ஊருக்கு வந்து தகரத்தில் இருபது டோக்கன் வெட்டி, ஒன்றிலிருந்து இருபது வரை எண் அடித்து அனுப்பினேன். ஒவ்வொரு மாட்டின் கழுத்துக் கயிற்றிலும் ஒரு டோக்கன், அதே எண் ஒரு அட்டையில் மாட்டுக்காரர் கையில்.

முதல் எட்டு நாள் பாலுசாமியின் மாடுகள் மட்டும்தான் இருந்தன. டீக்கடையில் சிரிப்பாகச் சிரித்தார்கள். யாரோ வந்து, “ஏனுங்க, எங்கெருமைக்கு டபுள் ரூம் கெடைக்குமுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்களாம்.

ஒன்பதாம் நாள் பாலுசாமி தன் மயிலைக் கிடாரியை ஓட்டிக்கொண்டு வேண்டுமென்றே டீக்கடை வழியாக மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்கு நோய் ஒன்றும் இல்லை. ஒட்டியிருந்த வயிறு நிரம்பி, மயிர் படிந்து, முதுகு மினுமினுத்தது. வெள்வேலங்காய் செய்த வேலை. கடையில் இருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்து தடவிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் இருபது டோக்கனும் தீர்ந்தன.

பிறகு வந்தவர்களை ஜன்னத் திருப்பி அனுப்பினாள். ஒருவர் பத்து ரூபாய் தருவதாகச் சொன்னார். “இருபத்தொண்ணாவது மாடு உள்ள வந்தா மத்த இருபதும் அரை வயிறுங்க” என்றாள். அவர் அத்தோடு விடாமல், “உங்களுக்கு எதுக்குங்க அந்த வருத்தம், அவங்க மாடுதானே?” என்றார்.

“காசு வாங்கிட்டேனில்லீங்க. சந்தை முடியற வரைக்கும் என்ற மாடுதான்.”

வேலை கொஞ்சநஞ்சம் இல்லை. கிணற்றில் மோட்டார் கிடையாது. இருபது மாட்டுக்கும் நாளைக்கு அறுபது வாளித் தண்ணீர் சேந்தித் தொட்டியில் ஊற்ற வேண்டும். நிஜாம் ஆலைக்குப் போகுமுன் முப்பது, ஜன்னத் பொழுது சாயும்போது முப்பது. மரக்கிளைகளைத் துறட்டியால் உலுக்கிக் காய் உதிர்க்க வேண்டும். புது வேலியில் முள் சரிந்த இடங்களைத் தினமும் நடந்து பார்க்க வேண்டும். அந்த நாற்பத்தெட்டு நாளில் ஒரு மாடுகூட வெளியே போகவில்லை. ஒரு மாட்டுக்கும் ஒரு குறையும் வரவில்லை.

மே இரண்டாம் தேதி மாடுகள் சந்தைக்குப் புறப்பட்டன. இருபதும் வரிசையாகப் படலைத் தாண்டிப் போனதை நான் நின்று பார்த்தேன். கழுத்தில் டோக்கனோடுதான் ஓட்டிப் போனார்கள். கழற்றித் தரச் சொன்னால், இருக்கட்டும், சந்தையில் காட்ட வேண்டும் என்றார்கள். பாலுசாமியின் கிடாரியை அவர் எதிர்பார்த்ததைவிட எண்ணூறு ரூபாய் அதிகம் கொடுத்து ஒருவர் வாங்கிப் போனார். “இந்த டோக்கன் போட்ட மாடு இன்னும் இருக்குதா?” என்று சந்தைக்குள் கேட்டுக்கொண்டு அலைந்தார்களாம்.

அன்று சாயங்காலம் கூட்டிப் பார்த்தோம். மாட்டு வசூல் நாலாயிரத்து இருநூறு. குட்டியில் வந்ததைச் சேர்த்தால் பத்தாயிரத்து அறுநூற்று எண்பது. இன்னும் ஆயிரத்து முந்நூற்று இருபது குறைந்தது. காட்டில் ஒரு பிடி புல் பாக்கி இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எட்டு நாள் இருந்தது. ஜன்னத் கூடையை எடுத்துக்கொண்டு சாணம் அள்ளப் போனாள்.

நானும் பின்னாலேயே போனேன். கிணற்றடியில், மாடுகள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக் கிடக்கும் இடத்தில் சேர்ந்த சாணத்தை அவள் தினமும் அள்ளிக் குவித்து வந்திருந்தாள். அந்தக் குவியல் என் உயரம் இருந்தது. பக்கத்தில் ஆட்டுப்பட்டியிலிருந்து கூட்டிய எரு தனியாக.

“இத என்ன பண்ணப் போற?”

“மழை வந்தாக் காட்டுக்கே எறைக்கலாம்னு வெச்சிருக்கேன்.”

“ஏண்டி, ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் நடற நேரமில்லையா இது? எருவுக்கு அலைவாங்கன்னு அத்தா சொல்லுவாரே!”

அவள் கூடையைக் கீழே போட்டாள். “அக்கா, ஒரு வருசமா காட்ட மேலதான் பாத்துட்டிருந்தேன். கீழ பாக்கவே இல்ல.”

எரு வாங்க ஆள் தேடிப் பாலுசாமி அன்று ராத்திரியே வண்டியை எடுத்தார். மே ஆறாம் தேதி மஞ்சள் போடுகிற ஒருவர் டிராக்டரோடு வந்தார். மாட்டெரு இரண்டு லோடு, லோடுக்கு நானூறு. ஆட்டெரு ஒரு லோடு. அது மஞ்சளுக்கு ரொம்ப ஒத்துவரும் என்று அறுநூறு கொடுத்தார். ஆக ஆயிரத்து நானூறு. மொத்தம் பன்னிரண்டாயிரத்து எண்பது. நான் மூன்று தடவை கூட்டினேன். மூன்று தடவையும் எண்பது ரூபாய் மேலேதான் வந்தது.

மே எட்டாம் தேதி சின்னத்தா வந்தார். கூடவே ராசப்பன், பத்திரம் எழுதுவதற்கான காகிதங்களோடு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதையான மனிதர். ஜன்னத் இருவருக்கும் மோர் கொடுத்தாள். பிறகு நான் எழுதிய கணக்கு நோட்டையும், நாலாயிரம் ரூபாயையும் சின்னத்தா முன்னால் வைத்தாள்.

சின்னத்தா முதலில் நோட்டைத்தான் எடுத்தார். வியாபாரி அல்லவா, வரி வரியாக விரலை வைத்துப் படித்தார். எருவுக்கு வந்த இடத்தில் விரல் நின்றது.

“சாணிகூடவா?”

“காட்டு வருமானம்தானே சின்னத்தா?”

“அதுக்கென்ன, காட்டு வருமானம்தான்.” நோட்டை மூடினார். “சரி, இந்த வருசம் வந்துருச்சு. அடுத்த வருசம் வருமா?”

“மழை பேஞ்சா வரும்.”

“பேயலீன்னா?”

“பேயலீன்னா கோழிப்பண்ணைக்கும் தண்ணி இருக்காதே, சின்னத்தா.”

ராசப்பன்தான் முதலில் சிரித்தார். சின்னத்தா எழுந்து, வேலி ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்து போனார். நட்டு ஒன்பது மாதமான கிளுவைக் குச்சிகள் வரிசையாகத் துளிர்த்திருந்தன. ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. திரும்பி வந்து நாலாயிரத்தை எண்ணாமலே சட்டைப் பைக்குள் வைத்தார். அவர் எண்ணாமல் பணம் வாங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“ராசப்பண்ணே, உங்குளுக்கு வேற எடம் பாத்துத் தாரேன். இது எங்கண்ணன் மக பொழைக்கற எடம்” என்றார்.

ராசப்பன் கோபப்படவில்லை. காகிதங்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். படல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“ஏனுங்க அம்மணி, எங்கூட்லயும் ரெண்டு செவலை மாடு இருக்குதுங்க. அடுத்த சந்தைக்கு டோக்கன் கெடைக்குமுங்களா?”

“இப்பவே சொல்ல முடியாதுங்க. ஐப்பசி மழை எப்படின்னு பாத்துட்டுத்தான் பேரே எழுதுவேன். பழைய ஆளுக இருபது பேரு முன்னால நிக்கறாங்க.”

என் பங்கு நாலாயிரத்தை நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னால் அவள் சம்பாதித்ததற்கு மதிப்பில்லாமல் போய்விடும். இன்றுவரை வருஷா வருஷம் வாங்குகிறேன். தொகை மட்டும் கூடியிருக்கிறது.

இது 1999. நடுவில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. அந்த வருஷம் எருவும் கிளுவைக் குச்சியும் விற்றே தொகையைச் சேர்த்துவிட்டாள். அவளைப் பார்த்துச் சுற்று வட்டாரத்தில் ஆறு பேர் காட்டுக்குள் நடுவேலி போட்டிருக்கிறார்கள். குச்சி எல்லாம் அவள் வேலியிலிருந்து போனதுதான். குர்பானிக் கிடாயும் மூன்று வருஷமாக நடக்கிறது. குட்டி வாங்க இப்போதும் பாலுசாமிதான் கூடப் போகிறார். கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு, காதை அவரே முதலில் தடவிப் பார்க்கிறார். சின்னத்தா போன வருஷம் தன் பங்கை ஜன்னத் பேருக்கே கிரயம் செய்து கொடுத்தார். அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

வருகிற பங்குனிக்கு நாற்பத்தொரு பேர் மாடு விடப் பேர் கொடுத்திருக்கிறார்கள். டோக்கன் இருபதுதான்.